43 இஞ்ச் பட்ஜெட் டிவி: செங்கோட்டை வீட்டுக்கு எது, ஆரியங்காவு வீட்டுக்கு எது?

2025 புரட்டாசிக் கடைசியில் செங்கோட்டையில் அம்மா வீட்டு டிவி இடியில் போய்விட்டது. அதே வாரம் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து ஆரியங்காவில் இருக்கும் பெரியப்பா மகன் போன் செய்து, "ஜிஎஸ்டி குறைச்சிருக்கானாமே, எனக்கும் சேர்த்து ஒண்ணு பாருடே" என்றார். இரண்டு வீட்டுக்கும் ஒரே பட்ஜெட், 25 ஆயிரத்துக்குள். தென்காசியில் ஒரு கடையில் 43 இஞ்ச் 4கே டிவி இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன, விலையில் ஐந்நூறு ரூபாய்தான் வித்தியாசம். கடைத் தம்பி "ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி, கம்பெனிதான் வேற" என்றார். நல்ல பையன், பொய் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டும் ஒன்றே இல்லை. ஒன்று அம்மா வீட்டுக்கென்றே செய்தது போல் இருந்தது, மற்றது அண்ணன் வீட்டுக்கு. மாற்றிக் கொடுத்திருந்தால் இரண்டு வீட்டிலும் ஐந்தாறு வருஷத்துக்கு மனக்குறைதான்.

எப்படிப் பிரித்தேன் என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். பிராண்டு பெயர் எதுவும் சொல்லப்போவதில்லை. ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதல் படி: கடைக்குப் போகும் முன் வீட்டைப் பாருங்கள்

டிவி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இதைச் செய்வதே இல்லை. ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்து, யார் எந்த இடத்தில் இருந்து, எத்தனை மணிக்கு, எதைப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அம்மா வீடு நம்ம ஊர்ப் பழைய வீடு, முன்பக்கமும் பின்பக்கமும் கதவு திறந்தே இருக்கும், பகல் முழுக்க வெளிச்சம் உள்ளே வரும். அம்மா டிவிக்கு நேரே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அடுக்களை வாசல்படியில் அரிவாள்மனையைப் போட்டுக்கொண்டு, அவரைக்காயை நாரெடுத்துக்கொண்டே, தலையை மட்டும் இடது பக்கம் திருப்பி சீரியல் பார்ப்பார். அந்த வாசல்படி டிவிக்கு ஏறக்குறைய பக்கவாட்டில் இருக்கிறது, கோணம் 50, 60 டிகிரி வரும். பக்கத்து வீட்டு அத்தை வந்தால் நடையில், இன்னொரு மூலையில். அப்பா மட்டும் நேரே நாற்காலியில், அதுவும் நியூஸுக்கும் கிரிக்கெட்டுக்கும்தான். எல்லாம் கேபிள் பாக்ஸ் வழியாக, பெரும்பாலும் எச்டி இல்லாத, தெளிவு குறைந்த சாதாரண எஸ்டி சேனல்கள்.

அண்ணன் கதையே வேறு. காய்கறி லோடோடு புளியரை செக்போஸ்ட் தாண்டி புனலூர் வரை போய்விட்டு வீடு திரும்ப ராத்திரி ஒன்பது, பத்து ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு அவரும் மதினியும் சின்ன அறையில், விளக்கை அணைத்துவிட்டு, கட்டிலில் நேரெதிரே உட்கார்ந்து ஓடிடியில் ஒரு மலையாளப் படம். பாதிப் படம் ராத்திரியில் நடக்கும், மழையில் நடக்கும், இருட்டில் யாரையாவது தேடிக்கொண்டிருப்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் டிவி பார்ப்பது. அந்த வீட்டில் பகலில் டிவி ஓடுவதே அபூர்வம்.

இதை நாலு வரியில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: நேரம், வெளிச்சம், உட்காரும் கோணம், கேபிளா ஓடிடியா. டிவி தேர்வில் பாதிக்கு மேல் இங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாம் படி: திரைக்குள் இருக்கும் பேனல் என்ன வகை

பட்ஜெட் விலையில் வரும் எல்இடி டிவிக்குள் பொதுவாக இரண்டு வகைப் பேனல்தான் இருக்கும். ஒன்று ஐபிஎஸ், இன்னொன்று விஏ. இரண்டிலும் பின்னால் ஒரு வெளிச்சம் (பேக்லைட்) எப்போதும் எரிந்துகொண்டிருக்கும், முன்னால் இருக்கும் திரவப் படிகங்கள் கதவு மாதிரி திறந்தும் மூடியும் அந்த வெளிச்சத்தை விடும், அல்லது தடுக்கும். வித்தியாசம் அந்தக் கதவு மூடும் விதத்தில் இருக்கிறது.

விஏ கதவு இறுக்கமாக மூடும். அதனால் கருப்பு நன்றாகக் கருப்பாக இருக்கும். வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதத்தை கான்ட்ராஸ்ட் என்பார்கள், விஏவில் அது 3000க்கு 1, சிலவற்றில் 5000க்கு 1 வரை வரும். ஆனால் நேரே இருந்து பார்த்தால்தான் அந்த அழகு. பக்கவாட்டில் நகர நகர நிறம் வெளுக்கும், முகங்களில் பவுடர் பூசிய மாதிரி ஆகிவிடும்.

ஐபிஎஸ் கதவில் கொஞ்சம் கசிவு உண்டு, கான்ட்ராஸ்ட் 1000க்கு 1 பக்கத்தில்தான். இருட்டு அறையில் கருப்பு வரவேண்டிய இடத்தில் சாம்பல் பூசிய மாதிரி ஒரு மங்கல் தெரியும். ஆனால் அடுக்களை வாசலில் இருந்து பார்த்தாலும் சேலையின் அரக்கு அரக்காகவே இருக்கும், மாறாது.

சரி, அம்மா வீட்டில் ஐபிஎஸ்ஸின் அந்தச் சாம்பல் குறை தெரியாதா? தெரியாது. பகல் வெளிச்சம் திரையில் விழும்போது எந்தப் பேனலாக இருந்தாலும் கருப்பு கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும், விஏ கொடுக்கும் கூடுதல் கருப்பு அங்கே வீண். அதே மாதிரி அண்ணன் வீட்டில் பக்கவாட்டில் உட்கார ஆளே கிடையாது, ஐபிஎஸ்ஸின் கோணம் அங்கே வீண். அதனால்தான் "எந்த டிவி நல்லது" என்று யாராவது கேட்டால், "யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பீர்கள்" என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

விஏவில் இன்னொரு சின்னக் குறையும் உண்டு. இருட்டுக் காட்சியில் ஏதாவது வேகமாக நகர்ந்தால் பின்னால் நிழல் மாதிரி ஒரு இழுவை தெரியலாம். படம் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்க மாட்டார்கள், வீடியோ கேம் ஆடுகிற பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கிரிக்கெட்டுக்கு எது நல்லது என்று அப்பா கேட்டார். பச்சை மைதானம், வெள்ளை வெளிச்சம், இருட்டே இல்லாத காட்சி, அதனால் இரண்டிலும் நன்றாகவே இருக்கும். எத்தனை பேர் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி. ஐபிஎல் ராத்திரி வீட்டில் பத்துப் பேர் கூடுவார்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஐபிஎஸ்.

இப்போது பிராண்டு பெயர் சொல்லாததற்குக் காரணம். ஒரே கம்பெனியின் ஒரே மாடல் வரிசையில் 43 இஞ்சில் ஒரு பேனலும் 55 இஞ்சில் வேறு பேனலும் வரும். சில சமயம் ஒரே அளவிலேயே இந்த லாட்டில் ஒன்று, அடுத்த லாட்டில் வேறு. அட்டைப்பெட்டியிலும் பெரும்பாலும் போட மாட்டார்கள். யாரோ 55 இஞ்சைப் பாராட்டி வீடியோ போட்டதை நம்பி 43 வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். நீங்களே கண்ணால் பார்ப்பதுதான் வழி, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: தூரம், அளவு, சேனல்

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எஸ்டி சேனலின் படம் 720க்கு 576 புள்ளிகள், மொத்தம் 4,14,720. 4கே திரையில் 3840க்கு 2160, மொத்தம் 82,94,400. வகுத்துப் பாருங்கள், சரியாக 20 மடங்கு. அதாவது சீரியலில் வரும் ஒரு புள்ளியை டிவி 20 புள்ளிகளாக இழுத்து நிரப்புகிறது. கிட்டே உட்கார்ந்தால் முகம் மாவு பிசைந்த மாதிரி தெரிவதற்கு இதுதான் காரணம், புது டிவியில் கோளாறு என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

அதனால் எஸ்டி கேபிள்தான் முக்கியம் என்றால் 43 இஞ்சுக்கு எட்டு, ஒன்பது அடி தள்ளி உட்காருங்கள். ஆறடிதான் இடம் இருக்கிறது என்றால் 32 இஞ்ச் போதும், பணமும் மிச்சம், படமும் தெளிவாகத் தெரியும். இதைச் சொன்னால் நிறையப் பேருக்கு முகம் வாடுகிறது. பெரிய டிவி ஆசை எனக்குப் புரிகிறது, ஆனால் தினமும் பார்க்கப்போவது அந்த சீரியலைத்தான்.

எதிர்ப்பக்கக் கணக்கும் உண்டு. நல்ல கண்பார்வை உள்ளவரே 43 இஞ்ச் திரையில் ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் வித்தியாசம் காண சுமார் ஐந்தரை அடிக்குள் உட்கார வேண்டும். அதைத் தாண்டினால் கண்ணால் பிரிக்க முடியாது. இப்போது 43 இஞ்சில் 4கே சாதாரணமாகிவிட்டது, அதனால் கிடைப்பதை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதற்காகத் தனியாக ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். நெட்ஃபிளிக்ஸில் 4கே அதன் மிக உயர்ந்த பிளானில் மட்டும்தான் வரும், அதற்கு 15 எம்பிபிஎஸ் இணையமும் வேண்டும். மொபைல் பிளான் டிவியில் ஓடவே ஓடாது, அண்ணன் அதைத்தான் போட்டு வைத்திருந்தார்.

நான்காம் படி: எதற்கு மயங்க வேண்டாம்

எச்டிஆர், அதாவது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி. பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும். எச்டிஆர் படங்களை 1000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு), அதற்கு மேலும் கூட, வெளிச்சத்தைக் கணக்கில் வைத்துத் தயாரிக்கிறார்கள். இந்த விலையில் வரும் டிவிகள் பெரும்பாலும் 200 முதல் 300 நிட்ஸ்தான் கொடுக்கும். சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டுவதற்குத் தெம்பு கிடையாது.

அப்புறம் ஸ்மார்ட் வசதிகள். ரேம் 2 ஜிபி இருந்தால் நல்லது, 1 ஜிபி என்றால் ஒரு வருஷத்தில் நத்தை மாதிரி ஊரும். ஆனால் இதற்காக நல்ல பேனலை விட்டுவிடாதீர்கள். மென்பொருள் பழசானால் மூவாயிரம், நாலாயிரத்தில் ஓடிடி ஓட்டும் ஒரு ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐயில் சொருகினால் டிவி புதுசாகிவிடும். பேனலை மாற்ற முடியாது, மாற்றினால் ஏறக்குறைய டிவி விலையே ஆகும்.

சத்தத்தில் வாட்ஸ் எண்ணிக்கையைப் பார்க்காமல் காதால் கேளுங்கள். வயதானவர்கள் பார்க்கும் வீட்டுக்குப் பேச்சுத் தெளிவுதான் வேண்டும். அண்ணன் வீட்டில் பிள்ளைகள் பக்கத்து அறையில் தூங்குவதால் புளூடூத் கட்டாயம் என்று மதினி முன்கூட்டியே சொல்லியிருந்தார். இதையும் கடையிலேயே உங்கள் இயர்போனை இணைத்துப் பாருங்கள், உதடு அசைவதற்கும் குரல் வருவதற்கும் இடைவெளி விழுகிறதா என்று.

ஐந்தாம் படி: பென் டிரைவோடு கடைக்குப் போங்கள்

கடையில் ஓடும் வீடியோ, மயிலும் ஆரஞ்சுப் பழமும் மெதுவாகச் சுழலும் அந்த வீடியோ, எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஒரு பென் டிரைவில் மூன்று விஷயம் எடுத்துக்கொண்டு போங்கள். முதலாவது முழுக் கருப்புப் படம். போன் கேமராவை உள்ளங்கையால் இறுக்கமாக மூடி ஒரு போட்டோ எடுத்தால் அதுவே போதும். இரண்டாவது முழு வெள்ளைப் படம், போனில் வெற்று நோட் பக்கத்தைத் திறந்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மூன்றாவது வீட்டில் ராத்திரி வெளிச்சத்தில் போனில் எடுத்த ஒரு வீடியோ, ஆட்கள் முகம் இருக்க வேண்டும். நான் கொண்டு போனது அம்மா திருக்கார்த்திகைக்கு விளக்கு ஏற்றும் வீடியோ. இருட்டு முற்றம், நடுவில் அகல் விளக்குகள், சுடர் பட்ட அம்மா முகம்.

முதலில் இரண்டு டிவியையும் கடை மோடில் இருந்து வீட்டு மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், இரண்டிலும் ஒரே பிக்சர் மோடு. கேட்டால் செய்வார்கள், கூச்சப்படாதீர்கள். பக்கத்தில் இருக்கும் டியூப் லைட்டுகளையும் முடிந்தால் அணைக்கச் சொல்லுங்கள்.

கருப்புப் படத்தைப் போட்டு நேரே நின்று பாருங்கள். எது அதிகம் சாம்பலாகத் தெரிகிறதோ அது பெரும்பாலும் ஐபிஎஸ். மூலைகளில் வெளிச்சம் ஒழுகுகிறதா என்பதையும் கவனியுங்கள். வெள்ளைப் படத்தில் திட்டுத் திட்டாக அழுக்குப் போல நிழல் தெரிந்தால் அந்தப் பீஸ் வேண்டாம். பிறகு விளக்கு வீடியோவைப் போட்டுவிட்டு, பக்கவாட்டில் நடந்து போய், வீட்டில் உட்காரும் அதே கோணத்தில் நில்லுங்கள். நான் அப்படிப் போனபோது, முதல் டிவியில் அம்மா முகம் அப்படியே மஞ்சளாக இருந்தது, முற்றம் மட்டும் கொஞ்சம் வெளுத்தது. இரண்டாவதில் நேரே நிற்கும்போது முற்றம் மை இருட்டு, சுடர் தனியாக மிதந்தது, அவ்வளவு அழகு, ஆனால் நாலடி நகர்ந்ததும் முகம் வெளிறிப் போயிற்று. முடிவு அங்கேயே ஆகிவிட்டது: முதலாவது செங்கோட்டைக்கு, இரண்டாவது ஆரியங்காவுக்கு.

சிலர் திரையை விரலால் அழுத்திப் பார்த்துப் பேனலைச் சொல்வார்கள். செய்யாதீர்கள், திரை கெட்டால் உங்கள் தலையில் விழும்.

பெட்டியில் உங்களுக்குத் தரும் பீஸையும் பணம் கட்டும் முன் திறந்து, இதே கருப்பு, வெள்ளைப் படத்தைப் போட்டுப் பாருங்கள். காட்சிக்கு இருப்பது ஒன்று, பெட்டிக்குள் இருப்பது ஒன்றாக இருக்கலாம் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதற்குத்தான்.

ஆறாம் படி: மலைக்கு எந்தப் பக்கம் வாங்குவது

நம்ம பகுதிக்கே உரிய கேள்வி இது. ஓணத்துக்கு அந்தப் பக்கம் ஆஃபர், ஆடிக்கும் தீபாவளிக்கும் இந்தப் பக்கம். வரியில் வித்தியாசம் கிடையாது. 32 இஞ்சுக்கு மேற்பட்ட டிவிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் நாடு முழுக்க 28 சதவீதத்தில் இருந்து 18 ஆகிவிட்டது, வரிக்கு முன் 20 ஆயிரம் விலையுள்ள டிவி 25,600இல் இருந்து 23,600க்கு வந்தது. 32 இஞ்சுக்கும் அதற்குக் கீழும் 2019 ஜனவரியில் இருந்தே 18தான், அதனால் அந்த அளவுக்கு "ஜிஎஸ்டி குறைப்பு ஆஃபர்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கவனிக்க வேண்டியது சர்வீஸ். வாரண்டி இந்தியா முழுக்க இருந்தாலும் மெக்கானிக் எந்த ஊரில் இருந்து வருவார் என்பதுதான் விஷயம். வாங்கும் முன் கம்பெனி கஸ்டமர் கேருக்குப் போன் செய்து, டிவி மாட்டப்போகும் வீட்டின் பின்கோடைச் சொல்லிக் கேளுங்கள். அண்ணனுக்குக் கடைக்குப் போகும் முன் நான் நினைத்திருந்த பிராண்டுக்கு அவர் பின்கோடில் ஆளே இல்லை என்றார்கள், அதனால்தான் வேறு பிராண்டுக்குப் போனேன். பில்லில் இருக்கும் சீரியல் நம்பரும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்பதையும் ஒத்துப் பார்த்துவிடுங்கள்.

ஏழாம் படி: மாட்டிய பிறகு

கேபிள்காரர் பாக்ஸைச் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் பின் வயரில் இணைத்துவிட்டுப் போனால் விடாதீர்கள். அம்மா வீட்டில் பழைய டிவியில் இத்தனை வருஷமாக அப்படித்தான் இருந்தது, பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ ஓட்டை தூசி படிந்து சும்மா கிடந்தது. முந்நூறு ரூபாய்க்குள் ஒரு எச்டிஎம்ஐ வயர் வாங்கிப் போட்டதும் அப்பா "கண்ணாடி மாத்தின மாதிரி இருக்கே" என்றார். பாக்ஸ் செட்டிங்கில் 16:9 என்று வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாரும் குண்டாகத் தெரிவார்கள்.

அண்ணன் வீட்டில் பிக்சர் மோடை சினிமா என்று வைத்து, பேக்லைட்டைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். முதல் நாள் மஞ்சளாக இருக்கிறது என்றார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டது. அம்மா வீட்டில் ஸ்டாண்டர்டு, பேக்லைட் 70, 80. நூறில் வைத்தால் சூடு ஏறி பேக்லைட்டின் ஆயுள் குறையும். 43 இஞ்ச் டிவி 80 வாட் இழுக்கிறது என்று வைத்தால் தினம் ஆறு மணி நேரத்துக்கு மாதம் 15 யூனிட் பக்கம் வரும். தமிழ்நாட்டில் அப்போது (2025) இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் அம்மா வீட்டுக்கு அது பெரிய சுமை இல்லை. ஷார்ப்னஸை இரண்டு வீட்டிலும் நன்றாகக் குறைத்தேன், எஸ்டி சேனலில் புள்ளி புள்ளியாகத் தெரிவதில் பாதி அதனால்தான்.

மாட்டும் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஆனி, ஆடிச் சாரலில் மேற்குச் சுவர் ஓதம் காக்கும் வீடுகள் நம்ம பக்கம் நிறைய. அந்தச் சுவரில் டிவி மாட்டினால் ஈரம் நேரே போர்டுக்குப் போகும். வேறு சுவர் இல்லை என்றால் ஸ்டாண்டில், சுவரை விட்டு நாலு விரல்கடை தள்ளி வையுங்கள்.

எட்டாம் படி: இடி

அம்மாவின் பழைய டிவி போன அன்று கரண்ட் பிளக்கைக் கழற்றித்தான் வைத்திருந்தார். ஆனால் கேபிள் வயர் பாக்ஸில் இருந்தது, பாக்ஸ் டிவியோடு இருந்தது. மின்னல் தெருவில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் அந்த வயர் வழியாக வந்து, பாக்ஸையும் டிவியையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. பொதுவாக வாரண்டியில் மின்னல் சேதம் வராது. ஸ்டெபிலைசர் இதற்கு உதவாது. திடீர் மின்னேற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் சின்ன ஏற்றங்களுக்கு உதவும், வாங்கி வையுங்கள், ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். இணைய வயர் நேரே டிவியில் போயிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

புரட்டாசி, ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் பொதிகை மலைப் பக்கம் கருத்துக்கொண்டு வந்தால், முதல் முழக்கம் கேட்கும் முன்பே எல்லா வயரையும் கழற்றிவிட வேண்டும். தலைக்கு மேல் இடிக்க ஆரம்பித்த பிறகு வயரில் கை வைக்காதீர்கள், டிவி போனால் போகட்டும். இப்போது அம்மா, வானம் கருத்ததுமே அவரைக்காயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, பிளக்கைப் பிடுங்கி, கேபிள் வயரைத் திருகிக் கழற்றி, அதன் முனையை டிவியில் இருந்து ஒரு முழம் தள்ளி ஜன்னல் திண்டில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறார்.